ஏழாம் பாகத்தில் ஏறுகிறவர்கள்

முதல் பாகம் மடியில் இருக்கிறது, அதன்மேல் நான்காம் பாகம், அதன்மேல் ஏழாம் பாகம், இல்லை, ஏழு மேலே இருக்கக் கூடாது, மேலே இருந்தால் கை தானாக அதைத்தான் எடுக்கும், அதனால் ஏழைக் கீழே தள்ளி ஒன்றை மேலே வைக்கிறேன், ஒன்றின் அட்டையில் மேசைக்கால் பதிந்த வட்டக்குழி இருக்கிறது, அதுவும் மேலே வேண்டாம், சரி, நான்கு மேலே இருக்கட்டும். மணி ஆறு ஐம்பத்தைந்து. தர்மர் அண்ணாச்சி ஸ்டியரிங்குக்கு ஊதுபத்தி சுற்றிக்கொண்டிருக்கிறார், அப்புறம் கியருக்கு, அப்புறம் கண்ணாடிக்கு, மனிதர் எதிலும் அவசரப்பட மாட்டார், நான் இந்த வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, ஏழு மாதமும் அதே ஊதுபத்தி, அதே பெண்டிரைவ், அதே பதினாலு பாட்டு. பாட்டை நிறுத்துங்கள், நான் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன் என்று சனிக்கிழமை கேட்டேன். "கதையா, ஒன்பது பிள்ளைகளையும் உக்கார வச்சா?" என்று சிரித்தார். பிறகு, "ஒரு நாள் தாரேன் தாயி. திங்கக்கெழம மட்டும். பிள்ளைக கூப்பாடு போட்டா பெண்டிரைவைச் சொருகிருவேன், அப்புறம் பேசப்படாது" என்றார். இன்றைக்குத் திங்கட்கிழமை. ஏழு ஐந்துக்கு ஜெர்வின் ஏறுவான். அதற்குள் கொட்டாவிக்கோட்டைக் கதைப்புத்தகத்தை எங்கே ஆரம்பிப்பது என்று நான் முடிவு பண்ணியாக வேண்டும், இருபத்து நாலு பாகத்தில் ஒரு பாகம், மூன்று நாளாக இதையேதான் யோசிக்கிறேன், குளிக்கும்போது நான்கு சரி என்று தோன்றுகிறது, தலை துவட்டும்போது ஒன்றுதான் நியாயம் என்று தோன்றுகிறது, சாப்பிடும்போது இரண்டும் இல்லை.

பாட்டுப் பிடிக்கவில்லை என்பதற்காகத்தான் கேட்டேன் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். பொய். எனக்குத் தெரிந்த உலகத்தில் கொட்டாவிக்கோட்டை படித்த ஆள் நான் ஒருத்திதான். அது எவ்வளவு கொடுமை என்று படிக்காதவர்களுக்குப் புரியாது. பஸ்ஸில் ஒருத்தர் மூக்கை உறிஞ்சினால் எனக்குத் தும்மக்கா ஞாபகம் வரும், நான் சிரிப்பேன், பக்கத்தில் இருக்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள், என்ன விஷயம் என்று சொல்லவேண்டுமானால் ஒரு கோட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அந்தக் கோட்டை கொட்டாவி விடும், விட்டால் எல்லாக் கதவும் திறந்துகொள்ளும், மூடும்போது அறைகள் இடம் மாறியிருக்கும், சமையல்காரர் அடுப்படிக் கதவைத் திறந்தால் உள்ளே மூன்றரை மன்னர் குளித்துக்கொண்டிருப்பார். மூன்று மன்னர்களுக்கு அப்புறம் வந்தவர், நாலு என்று எண்ணும் அளவுக்கு உயரம் போதாது, அதனால் மூன்றரை. மத்தியானம் வரைக்கும் பொய் மட்டுமே பேசும் ஒட்டகம் ஒன்று உண்டு. தும்மினால் மட்டும் மந்திரம் பலிக்கிற தும்மக்கா உண்டு. இதையெல்லாம் பஸ்ஸில் யாரிடம் சொல்வது. தனியாகச் சிரித்துச் சிரித்து எனக்குச் சலித்துவிட்டது, ஒரே ஒரு ஆளாவது கூடச் சிரித்தால் போதும் என்றுதான் தம்பி பொன்ராஜிடம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் பாகத்தைக் கொடுத்தேன். முறையாக ஒன்றிலிருந்து ஆரம்பி என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். முதல் பாகத்தில் முதல் நாற்பது பக்கம் கோட்டையைக் கட்டுகிறார்கள். கல் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள், முதல் மன்னருக்கு எத்தனை மாமனார். அவன் பன்னிரண்டாம் பக்கத்தில் மூடினான். "நல்லாத்தான்க்கா இருக்கு" என்றான். நல்லாத்தான் இருக்கு என்று சொன்னதிலேயே செத்துப்போச்சு எல்லாம். அடுத்த வாரம் ஆடுகிற மேசைக்காலுக்குக் கீழே அது இருந்தது. அப்புறம் நான் எந்தப் பாகத்தை நீட்டினாலும் "அதான் படிச்சேனே" என்கிறான். கோட்டை கட்டியதை மட்டும் படித்துவிட்டு, கோட்டைக்குள் யாருமே குடி வராத மாதிரி நினைத்துக்கொண்டு திரிகிறான். ஒரு தடவைதான் ஆரம்பிக்க முடியும். கெட்டால் கெட்டதுதான். இன்றைக்கு ஒன்பது பிள்ளைகள், ஒன்பதையும் கெடுத்துவிட்டால்.

வண்டி கிளம்பிவிட்டது. அண்ணாச்சி பெண்டிரைவைக் கண்ணாடிக்கு முன்னால், நான் பார்க்கிற மாதிரியே, வைத்திருக்கிறார். நான்காம் பாகத்தில் ஒட்டகம் வருகிறது, ஆனால் மத்தியானம் வரைக்கும் பொய் பேசும் என்பது நூறாவது பக்கத்தில்தான் தெரியும், அதுவரை பிள்ளைகள் அது சொல்வதை எல்லாம் நம்பித் தொலைக்கும். பன்னிரண்டாம் பாகத்தில் பேய்க் கல்யாணம், அதுதான் இருப்பதிலேயே சிரிப்பு, நான் சிரித்து மூக்கில் டீ ஏறியது, ஆனால் சமையல்காரர் பதினொன்றில் செத்துப் பேயாகி உப்பு அதிகம் போட ஆரம்பிக்கிறார், பன்னிரண்டில் ஆரம்பித்தால் அவர் செத்தது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், அவர் சாகும்போது நான் அழுதேன், அந்த அழுகையைப் பிள்ளைகளிடமிருந்து எப்படிப் பிடுங்குவது. ஏழை நினைக்காதே. ஏழு உனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான், உனக்குப் பிடித்தது எல்லாருக்கும் பிடிக்கவேண்டும் என்று என்ன கட்டாயம், பதினொன்றாம் வகுப்பு கூடத்தான் எல்லாருக்கும் பிடித்திருந்தது, உனக்குப் பிடிக்கவில்லை, பாதியில் நின்றுவிட்டாய். ஏன் நின்றாய் என்று கேட்கிறவர்கள் ஒரு சோகக்கதை எதிர்பார்க்கிறார்கள், என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை, உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன், புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டு அதே எடைக்குக் கொட்டாவிக்கோட்டை பாகம் பதினான்கிலிருந்து இருபத்து நாலு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். இயற்பியல் கனமான புத்தகம், அதற்கே மூன்று பாகம் வந்தது. இதோ ஜெர்வின் நிற்கிறான், சாப்பாட்டுப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு. நாலாம் வகுப்பு. ஏறின உடனே வலது ஜன்னல், அது அவன் உரிமை. "யக்கா, பாட்டு எங்க?" என்றான். "இன்னைக்குக் கதை." "என்ன கதை?" என்ன கதை என்று கேட்டதும் என் கை என்ன செய்தது தெரியுமா, ஒன்றை எடுத்தது, மேசைக்கால் பதிந்ததை, பயந்த கை எப்போதும் நியாயமானதைத்தான் எடுக்கும். வாசித்தேன். கல் வந்தது. இன்னும் கல் வந்தது. முதல் மன்னருக்கு ஏழு மாமனார். ஜெர்வின் மரியாதையாகக் கேட்டான், அதுதான் பயமாக இருந்தது, ஜெர்வின் எதையும் மரியாதையாகக் கேட்கிற பிள்ளை இல்லை. "யக்கா, கோபிச்சுக்கிராதீங்க, கதை எப்ப வரும்?" என்றான். பொன்ராஜாவது பன்னிரண்டு பக்கம் தாங்கினான், இவன் இரண்டு பக்கத்திலேயே கேட்டுவிட்டான், அந்த நேர்மைக்காக அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒன்றை மூடிப் பையில் போட்டேன். மடியில் இருந்த அடுக்குக்கு அடியில் கையை விட்டு ஏழை உருவினேன்.

தும்மக்கா மூன்று நாளாகத் தும்மவில்லை. ஏழாம் பாகம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது, இதற்கு முன்னால் ஒரு வார்த்தை கிடையாது. மூன்று நாளாகத் தும்மவில்லை, கோட்டை முழுக்கக் கவலை, ஏனென்றால் கடைசித் தும்மலில் தளபதி இடிவீரர் ஆடாகிவிட்டார், அவரைத் திருப்பி மனிதனாக்க இன்னொரு தும்மல் வேண்டும், எதிரிப்படை ஆற்றுக்கு அந்தப்பக்கம் வந்துவிட்டது, படையை நடத்தவேண்டியவர் நந்தவனத்தில் மல்லிகைச் செடியைத் தின்றுகொண்டிருக்கிறார். ஜெர்வின் ஜன்னலை விட்டு இந்தப்பக்கம் திரும்பினான். ஜன்னலை விட்டு. மிளகுப்பொடி கொண்டுவந்தார்கள், தும்மக்கா "காரம் பத்தாது" என்றாள். மூக்குப்பொடி கொண்டுவந்தார்கள், "வாசனை நல்லா இருக்கு" என்றாள். மயிலிறகு கொண்டுவந்தார்கள், மயிலோடு சேர்த்தே, என்று வாசிக்கும்போது வண்டி தண்ணித்தொட்டி நிறுத்தத்தில் நின்றது, இரட்டைப் பிள்ளைகள் ஏறினார்கள், ஒரே மாதிரி இரண்டு ரிப்பன், ஒரே குரலில் "என்ன கதைக்கா?" இங்கேதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். ஏழு மாதம் வேனில் இருந்தும் யோசிக்கவில்லை. பாவம், ஆரம்பம் தெரியாதே என்று மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். தும்மக்கா மூன்று நாளாகத் தும்மவில்லை. ஜெர்வின் "இது படிச்சாச்சு" என்றான். "அவங்களுக்குடா" என்றேன். மிளகுப்பொடி, மூக்குப்பொடி, மயில் வரைக்கும் வந்தேன், தீப்பெட்டி ஆபீஸ் நிறுத்தம், தீக்குச்சி மருந்து வாசனை ஜன்னல் வழியாக வந்தது, ரிஸ்வானாவும் அவள் பின்னால் நாலு பேரும் ஏறினார்கள். ரிஸ்வானா ஐந்தாம் வகுப்பு, வேனில் யார் எங்கே உட்காரவேண்டும் என்று சொல்கிறவள் அவள்தான், நான் இல்லை. என் கையில் இருந்ததைத் தலையைச் சாய்த்துப் படித்தாள். "ஏழுன்னு போட்டிருக்கு. ஒண்ணு எங்க?" "பையில இருக்கு." "அப்ப ஒண்ணுல இருந்துதானக்கா வாசிக்கணும்?" ஜெர்வின் அலறினான், "வேண்டாம், அது பூரா கல்லு." "முதல்ல இருந்து வாசிக்காட்டி எப்படிப் புரியும்?" "நீ முதல்ல ஏறாட்டிப் புரியாதுதான்." "நான் ஏறுற எடம் இதுடா, எங்க வீட்டைத் தூக்கி உங்க வீட்டுக்குப் பக்கத்துல வைக்கச் சொல்லுதியா?" அவர்கள் சண்டையை நிறுத்த நான் மூன்றாவது தடவையாக ஆரம்பித்தேன், தும்மக்கா மூன்று நாளாக, என்று நான் சொன்னதும் ஜெர்வினும் இரட்டையும் சேர்ந்து "தும்மவில்லை" என்று பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி இழுத்தார்கள், "கோட்டை முழுக்க" என்றேன், "கவலை" என்றார்கள், பின்னால் ஒருவன் டிபன் டப்பாவைத் தட்டித் தாளம் போட்டான், கூப்பாடு, அண்ணாச்சி சொன்ன அதே கூப்பாடு. அண்ணாச்சியின் கை ஸ்டியரிங்கை விட்டுப் பெண்டிரைவுக்குப் பக்கத்தில் போய் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பியது. எச்சரிக்கை. ஏழு நாற்பது. வாசித்ததோ ஒன்றரைப் பக்கம், அதையே மூன்று தடவை. இன்னும் லோகித் வேறு ஏறவேண்டும்.

லோகித்தை மறந்தே போயிருந்தேன், எல்லாரும் மறந்துபோகிற பிள்ளைதான் அது, ஒன்றாம் வகுப்பு, கடைசி நிறுத்தம், ரயில்வே கேட்டுக்கு முந்திய வளைவு. தினமும் அழுதுகொண்டுதான் ஏறுவான். அடித்தார்கள், திட்டினார்கள் என்பதெல்லாம் இல்லை, சும்மா, காலை என்றால் அழுகை. அவன் ஏறும்போது வேனில் எல்லாம் நடந்து முடிந்திருக்கும், யார் யாரோடு கா விட்டார்கள், யார் யாருக்கு முறுக்கு கொடுத்தார்கள், எதற்காக எல்லாரும் சிரிக்கிறார்கள், ஒன்றும் தெரியாது, கதவோரம் என் காலடியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுவான். சாயங்காலம் அதைவிட மோசம், திரும்பும்போது முதலில் இறங்குகிறவன் அவன்தான், எந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. காலையில் ஆரம்பம் கிடையாது, சாயங்காலம் முடிவு கிடையாது. நான் எந்தப் பாகத்தை எடுத்தாலும், ஒன்றோ நான்கோ ஏழோ, முதல் நிறுத்தத்தில் ஆரம்பித்தாலும் கடைசி நிறுத்தத்தில் ஆரம்பித்தாலும், லோகித்துக்கு எந்தக் கதையும் நடுவுதான். மூன்று நாளாக எந்தப் பாகம், எந்தப் பாகம் என்று மண்டையை உடைத்துக்கொண்டேனே, யார் எங்கே ஏறுகிறார்கள் என்று ஒரு தடவை யோசித்தேனா. அப்புறம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, வரக் கூடாத நேரத்தில். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூட நூலகத்தில் எனக்குக் கிடைத்தது ஏழாம் பாகம் மட்டும்தான். முந்தைய ஆறும் இல்லை. அந்தச் சமையல்காரரும் ஒட்டகமும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று ஏழில் சொல்லவில்லை, ஏற்கனவே தெரியும் என்கிற மாதிரி எழுதியிருந்தது, நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன், ஒட்டகம் இவர் வைத்த ரசத்தை "அருமை" என்று காலையில் சொல்லியிருக்கும், அதுதான் சண்டை. இரண்டு வருஷம் அப்படியே நம்பினேன். அந்த ஆறு பாகத்தையும் நானே மனசுக்குள் எழுதிவிட்டேன். பிறகு அசல் கிடைத்தது. அசலில் சண்டைக்குக் காரணம் ஒரு கோரைப்பாய். என் காரணம்தான் நன்றாக இருந்தது, இன்றைக்கும் சொல்வேன், எழுதினவர் நேரில் வந்தாலும் சொல்வேன்.

லோகித் அம்மா அவனைத் தூக்கிப் படியில் விட்டார். முகம் பூரா ஈரம், மூக்கு ஒழுகுகிறது, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் கடித்த பிஸ்கட். "இன்னைக்குக் கொஞ்சம் ஜலதோசமும் சேந்துக்கிச்சு, பாத்துக்கம்மா" என்றார். கதவைச் சாத்தினேன். வண்டி வளைந்தது, கேட் போட்டிருந்தார்கள். கேட் போட்டால் ஜன்னல் மாறும், இது இந்த வேனின் சட்டம், நான் வருவதற்கு முன்னாலேயே இருந்தது, முதலில் ஏறினவர்கள் ஜன்னலை விட்டு எழுந்து கடைசியில் ஏறினவர்களுக்குக் கொடுக்கவேண்டும், ஜெர்வின் முனகிக்கொண்டே எழுந்தான், ரிஸ்வானா லோகித்தை அழுகையோடு தூக்கி வலது ஜன்னலில் வைத்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாலாவது தடவை. புத்தகத்தைத் திறந்தேன், தும்மக்கா என்ற வார்த்தையைப் பார்த்தேன், அதைச் சொல்ல வாய் வரவில்லை. முதல் தடவை அந்த வரியைச் சொன்னபோது ஜெர்வின் ஜன்னலை விட்டுத் திரும்பினானே, அந்த வரியை நானே மேசைக்கால் மாதிரி போட்டு அழுத்தி அழுத்திக் குழியாக்கிவிட்டேன். அண்ணாச்சி இஞ்சினை அணைத்தார். தூரத்தில் ரயில் இன்னும் வரவில்லை. அவர் கை பெண்டிரைவை எடுத்தது. தட்டவில்லை, எடுத்தேவிட்டது. நான் புத்தகத்தை மூடினேன். சரி, போ, பதினாலு பாட்டு, பொன்ராஜோடு சேர்த்து நான் கெடுத்தது பத்து பேர், இனிமேல் நான் யாருக்கும் எதையும் நீட்டப்போவதில்லை, தனியாகவே சிரித்துக்கொள்கிறேன், பஸ்ஸில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அப்போது லோகித் அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்து, கண்ணை மூடி, பிஸ்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தும்மினான்.

எட்டுப் பிள்ளைகளும் அவனைப் பார்த்தார்கள். எனக்கும் முதலில் புரியவில்லை, சத்தியமாக, கைக்குட்டை எங்கே என்றுதான் தேடினேன். ஜெர்வின் மெதுவாக, கோவிலில் பேசுகிற குரலில், "தும்மிட்டான்" என்றான். இரட்டைப் பிள்ளைகள் ஒன்றையொன்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், இன்னும் ரிப்பன் இருக்கிறதா என்று. ரிஸ்வானா தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்மள்ல யாரும் மாறல" என்றாள். "அப்ப யாரு மாறினது?" எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் முன்னால் திரும்பியது. அண்ணாச்சியின் முதுகு. காக்கிச்சட்டை, கழுத்தில் துண்டு. அந்த முதுகு அசையவில்லை. ஏழு மாதமாக அந்த மனிதர் ஊதுபத்தியைத் தவிர வேறு எதற்கும் சிரத்தை காட்டி நான் பார்த்ததில்லை, இந்த ஒன்றரைப் பக்கத்தை அவரும்தான் மூன்று தடவை கேட்டிருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கேட்டைப் பார்த்தபடியே, திரும்பாமல், பெண்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ம்மே" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, இன்னும் நீளமாக, "ம்ம்மே." வேன் வெடித்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது, எட்டுத் தொண்டையும் சேர்ந்து ஏதோ செய்தது, கேட்டில் நின்ற சைக்கிள்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன், யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை, என்ன விஷயம் என்று எல்லாருக்கும் தெரியும், கோட்டையிலிருந்து ஆரம்பித்து யாருக்கும் எதையும் சொல்லவேண்டியதில்லை. லோகித்துக்கு மட்டும் தெரியாது. "மாமா ஏன் ஆடு மாதிரி கத்துறாங்க?" என்றான். மூக்கில் ஒரு குமிழி. அழுகை எங்கேயோ போய்விட்டது. "நீதான்டா ஆக்குன" என்றான் ஜெர்வின். "நானா?" "நீதான். தும்மி." லோகித் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான்.

அவனுக்கு ஜெர்வின் கதை சொல்ல ஆரம்பித்தான், தும்மக்கா என்று ஒரு அக்கா, அவங்க ஒரு மயில் வளக்கிறாங்க, என்றான், தப்பு, மயில் அரண்மனை மயில், நான் வாயைத் திறந்தேன். மூடினேன். ரிஸ்வானா குறுக்கே வந்து, "முதல்ல தளபதியைச் சொல்லுடா, அவர் நல்லா ஆடு மாதிரிதான் சண்டை போடுவாரு, அதான் ஆடாயிட்டாரு" என்றாள், அப்படி எங்கேயுமே இல்லை, இருபத்து நாலு பாகத்திலும் இல்லை, நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, இல்லை பாப்பா, அப்படி இல்லை, என்று சொல்லவேண்டும் போல உடம்பெல்லாம் பரபரக்கிறது, நான் பொறுமைசாலி இல்லை, தப்பான ஒன்றைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததாக எனக்குச் சரித்திரமே கிடையாது, பதினொன்றாம் வகுப்பில் வாத்தியாரையே திருத்தியிருக்கிறேன். கீழ் உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டேன். இரட்டையில் ஒருத்தி சொன்னாள், மயில் தும்மக்காவோட கா. ஏன் கா? மூக்குப்பொடியைத் தட்டிவிட்டுருச்சு. ரசத்தை அருமை என்று சொன்ன ஒட்டகம் என் கண்முன்னால் வந்து நின்று ஆமோதித்துத் தலையாட்டியது. லோகித் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான், இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அவனிடம் பேசி நான் பார்த்ததே இல்லை, அவன் கேட்டான், "அந்தத் தளபதி மாமாவுக்கு ஆட்டுப் பேரு என்ன?" எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். புத்தகத்தில் பெயர் இல்லை. எழுதினவர் யோசிக்கவே இல்லை, எத்தனை தடவை படித்திருக்கிறேன், நானும் யோசித்ததில்லை. "தெரியலடா" என்றேன், உண்மையைத்தான் சொன்னேன். "நீ சொல்லு." லோகித் ரொம்ப நேரம் யோசித்தான். ரயில் வந்தது, சரக்கு ரயில், எண்ணி மாளாத பெட்டி, வேன் ஜன்னலெல்லாம் கடகடவென்றது, அந்தச் சத்தத்துக்குள் அவன் வாய் அசைந்தது, கேட்கவில்லை, ரயில் போய் முடிகிறவரைக்கும் எட்டுப் பேரும் காத்திருந்தார்கள், அவனுக்காக. "பிஸ்கட்டு" என்றான். "ஆட்டுப் பேரு பிஸ்கட்டு." கேட் ஏறியது. அண்ணாச்சி இஞ்சினைப் போட்டு, "பிஸ்கட் கெளம்புதுடோய்" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் எட்டு மணி ஐந்து. ஒருவர் பின் ஒருவராக இறக்கினேன், பை, பாட்டில், டப்பா, விட்டுப்போன ஒரு ஷூ. ரிஸ்வானா இறங்கும்போது, "ஒண்ணாம் பாகத்தை நான் வீட்டுக்குக் கொண்டு போகட்டுமாக்கா? எனக்குக் கல்லு இருந்தாலும் பரவால்ல" என்றாள், சிலருக்குக் கல்லும் பிடிக்கும், யார் கண்டது, ஆனால் அது மேசைக்கு வேண்டும், காலையில் நான் அதை உருவியதிலிருந்து மேசை ஆடும், அம்மா கத்துவாள். ரெண்டு நாளில் வேறு அட்டையை மடித்து மேசைக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். பொன்ராஜுக்கு என்ன செய்வது என்றும் இப்போது தெரிந்துவிட்டது. ஒன்றும் நீட்டக் கூடாது. பன்னிரண்டாம் பாகத்தைப் பேய்க் கல்யாணத்துக்கு நடுவில் திறந்து, குப்புறப் போட்டு, அவன் சாப்பிட உட்காருகிற இடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட வேண்டும். சமையல்காரர் எப்படிச் செத்தார் என்று அவனே வந்து கேட்கட்டும். கேட்காவிட்டால் போகட்டும், பதிமூன்றைக் குப்புறப் போடுவேன். லோகித் கடைசியாக இறங்கினான். படியிலேயே நின்றுகொண்டு, "சாயங்காலம் நான் எறங்குனப்புறமும் வாசிப்பீங்களா?" என்றான். பொய் சொல்லலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு சின்னப் பொய். "வாசிப்பேன்டா" என்றேன். "காலைல நீ ஏறும்போது அவங்க சொல்லுவாங்க." முகம் சுருங்குமோ என்று பார்த்தேன். அவன் கணக்குப் போடுகிற மாதிரி வானத்தைப் பார்த்தான். "ஜெர்வின் அண்ணன் தப்புத்தப்பா சொல்லுவான்." "ஆமா." "அப்ப நான் திருத்துவேன்" என்றான், குதித்தான், போனான். பத்தடி போய் நின்றான். வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். லோகித் அவருக்கு நேராக நின்று, பாட்டிலைக் கீழே வைத்து, மூக்கைச் சுருக்கி, கண்ணை இறுக்கி மூடி, வாயை மெல்லத் திறக்கிறான். வரவில்லை. மறுபடி மூக்கைச் சுருக்குகிறான். அண்ணாச்சி ஹாரன் அடிக்கவில்லை, அவரும் பார்க்கிறார். மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் வரிசைக்கு ஓடுகிறார்கள், வாட்ச்மேனுக்குத் தனக்கு என்ன ஆகப்போகிறது என்று ஒன்றும் தெரியாது. லோகித் இன்னும் அப்படியே நிற்கிறான். நிற்கட்டும். வரட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.